உயிரணுவும் கடன் சங்கமும்

கூட்டுறவு வார விழா மேடைகளில், சங்கத்தை ஓர் உடலுக்கும் அங்கத்தினரை அதன் உயிரணுக்களுக்கும் ஒப்பிட்டு, அணுக்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வதுபோல நாமும் வாழ்வோமாக என்று முடிக்கும் பிரசங்கத்தைக் கேளாத செயலாளர் நம் வாசகர்களில் எவரும் இருக்கமாட்டார். உபமானம் பழையது, அதன் பூர்வீகமும் நமக்கு அந்நியமன்று. 1858இல் பெர்லினில், நோயின் இருப்பிடம் உயிரணுவே என்று நிலைநாட்டிய ருடால்ப் விர்க்கோ, உடலை அணுக்களாகிய குடிமக்கள் கூடிய ஒரு ராஜ்யமாகவே கருதினார். அதே விர்க்கோ 1861இல் ஜெர்மன் முற்போக்குக் கட்சியை ஸ்தாபித்தவர்களுள் ஒருவராக நின்றபோது, உடன் நின்ற மற்றொரு ஸ்தாபகர், நகரக் கூட்டுறவு வங்கிகளின் பிதா என்று நாம் போற்றும் ஷூல்ஸ்-டெலிட்ச்.

ஆனால் மேடையில் சொல்லப்படுவது உபமானத்தின் பாதியே. உயிரணு உயிரோடிருப்பது, முதற்கண், அதைச் சூழ்ந்த மெல்லிய சவ்வினால். உப்பிலும் சர்க்கரையிலும் இன்னது இவ்வளவு என்று பார்த்து உள்ளே விடுவதும், கழிவை வெளியேற்றுவதும், அயலணு விடுக்கும் சைகையை ஏற்பதும் அந்தச் சவ்வின் காரியம். அணு பருத்துக்கொண்டே போகவும் இயலாது. ஆரம் இருமடங்கானால் மேற்பரப்பு நான்கு மடங்கும் உள்ளளவு எட்டு மடங்கும் ஆகிவிடுவதால், பெருகிய தேவைக்கு வாசல் போதாமற்போகிறது. உடல் வளர்வதும் பெரும்பாலும் அணுக்கள் பிரிந்து பெருகுவதாலேயே.

ரைபைசன் 1864இல் ஜெர்மனியின் ஹெட்டெஸ்டார்பில் அமைத்த கடன் சங்கமும் இவ்வித எல்லையறிவில் பிறந்ததே. அதற்கு முன் செல்வந்தரின் தர்ம சிந்தையை நம்பி அவர் நடத்திய சங்கங்கள் நிலைக்கவில்லை. கடன் வாங்குபவர் தாமே அங்கத்தினராகிப் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அந்த அநுபவமே கற்பித்தது. சென்னை ராஜதானிக்காக 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக அறிக்கை அளித்த பிரெடரிக் நிக்கல்சன் அம்முறையையே நமக்குச் சிபார்சு செய்தார். 1904ஆம் ஆண்டுச் சட்டம், ஒரே ஊரையோ அண்டை ஊர்களையோ சேர்ந்த பத்துப் பேர் கூடினால் சங்கம் பதியலாம் என்றும், கிராமச் சங்கத்தில் பொதுவாகப் பொறுப்பு வரம்பற்றது என்றும் விதித்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் ராஜதானியின் முதல் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று.

அத்தகைய சங்கமொன்றில் ஒரு கடன் மனு எவ்வாறு ஆராயப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உழவுமாடு வாங்கப் பணம் கேட்டு ஒருவர் வருகிறார். அவருடைய பழைய மாடு சந்தையில் விலைபோன செய்தி ஒரு பஞ்சாயத்தாருக்குத் தெரியும், அந்தப் பணம் மகள் கல்யாணத்தில் கரைந்தது இன்னொருவருக்குத் தெரியும், அவர் வயலில் அறுவடை எந்த மாதம் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் தவறினால் தங்கள் சொத்தும் பதில் சொல்ல நேரும் என்பதையும் அவர்கள் மறக்கமாட்டார்கள். நாம் பரஸ்பர நம்பிக்கை என்று பெயரிட்டு வணங்குவது இந்த அறிவைத்தான். இன்றோ பல கிராமங்கள் ஒரே சங்கத்தின் எல்லைக்குள் அடங்கிவிட, செயலாளர் மனுதாரரைச் சிட்டா அடங்கலாலும் நகையின் எடையாலும் மட்டுமே அறிகிறார். ஊழியர் சம்பளத்துக்கும் வரவு காணாத சிறு சங்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் எல்லையை விரித்த பின்னரும் மனுக்களை ஆராய ஊருக்கொரு அங்கத்தினர் குழு வைப்பதை எந்த வரவுசெலவுக் கணக்கும் தடுக்கவில்லை என்பது எம் துணிபு.

அணுக்களுக்குள் வஞ்சனை இல்லை என்பதும் மேடைக் கற்பனைதான். வட கரோலினாவின் காட்டில் மக்கிய இலைகளிலிருந்து எடுத்து 1935இல் கென்னத் ரேப்பர் வருணித்த டிக்டியோஸ்டீலியம் என்னும் அமீபா, பாக்டீரியாக்களைத் தின்று தனித்தனியே வாழ்வது. இரை அற்றுப்போனால் ஒன்று விடுக்கும் ரசாயனச் சைகையைக் கேட்டு மற்றவை திரண்டு, பல்லாயிரம் சேர்ந்து ஒரு சிறு புழுவைப்போல் ஊர்ந்து, முடிவில் ஐந்தில் ஒரு பங்கு அணுக்கள் காம்பாகி மடிய, எஞ்சியவை அதன் உச்சியில் வித்துக்களாகிப் பிழைக்கின்றன. இந்தத் தியாகத்தில் தம் பங்கைக் கொடாமல், காம்பாகும் கடனைப் பிறர் தலையில் கட்டிவிட்டு வித்தாவதில் மட்டும் முந்திக்கொள்ளும் வம்சங்களும் இவற்றினிடையே உண்டு. அவற்றுக்கு எதிரான காப்பு, மேற்பரப்பிலுள்ள புரதங்களால் தன்னினத்தை அடையாளங்கண்டு அயலானைப் பிரித்துவிடும் திறன். கடனைக் கட்டத் திராணியிருந்தும் தள்ளுபடியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அங்கத்தினரை அறிந்த நம் செயலாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அணுவுக்கு வாக்குரிமை இல்லை, ராஜிநாமாவும் இல்லை. அங்கத்தினருக்கு இரண்டும் உண்டு. ஆகையால் சங்கத்துக்காக உன்னை அழித்துக்கொள் என்று எவரையும் கேட்கும் அதிகாரம் இவ்வுபமானத்திலிருந்து பிறவாது. ஆனால் இயக்கமாகிய பேருடலில் சங்கமே ஓர் அணுவாக நிற்கும்போது அந்த ஆட்சேபம் தளர்ந்துவிடுகிறது. காயம்பட்ட அணு வெடித்துச் சாகும்போது உள்ளிருப்பது சிதறிச் சுற்றுப்புறம் அழன்று வீங்குகிறது. கெர், வில்லி, கரி ஆகிய மூவர் 1972இல் பெயரிட்டு விளக்கிய ஒழுங்கான மரணத்திலோ, அணு தன் உட்பொருளைச் சிறு பொதிகளாகக் கட்டி வைக்க, அண்டையணுக்கள் அவற்றை உண்டு பயன்படுத்திக்கொள்கின்றன. கருவில் நம் விரல்கள் பிரிந்ததும் அத்தகைய மரணங்களால்தான். பேரவை கூடாமல், கடன் வழங்காமல், பதிவேட்டில் மட்டும் உயிரோடிருக்கும் சங்கம் ஒருநாள் வெடிக்குமாயின், பக்கத்து ஊரின் நல்ல சங்கத்திலும் டெபாசிட்தாரர்கள் வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள். கலைப்பை நாம் அவமானமாகக் கருதி ஒத்திப்போடுவது தவறு.

சங்கம் அமைத்த கதைகள் இவ்விதழுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. முறையாகக் கலைக்கப்பட்ட சங்கங்களில், டெபாசிட்டுகள் எவ்வாறு திருப்பித் தரப்பட்டன, காப்பு நிதி எங்கே போயிற்று, அங்கத்தினர் எந்தச் சங்கத்தில் சேர்க்கப்பட்டனர் என்பதை அந்தப் பணியில் ஈடுபட்ட செயலாளர்களும் கலைப்பு அதிகாரிகளும் எழுதியனுப்பினால், அடுத்த இதழில் அவற்றுக்கே முதலிடம் தருவோம்.