சிறந்த ஆட்டம் எது?

சதுரங்கம் ஆடுவதற்குப் பலகையும் 32 காய்களும் எதிரே ஒருவரும் வேண்டும் என்றிருந்த காலம் மாறி, கைத்தொலைபேசி ஒன்றே போதும் என்னும் காலம் வந்துவிட்டது. இதனாற் பெரும்பயன் பெறத்தக்கவர் நம் வன்னிப் பிள்ளைகளே. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி செல்ல ஏ-9 வீதியில் ஏறக்குறைய 75 கிலோமீற்றர் பயணஞ் செய்ய வேண்டும். முல்லைத்தீவுக்கோ மாங்குளத்திற் திரும்பி மேலும் 50 கிலோமீற்றர் வரை போக வேண்டும். இணையவழியில் அணிக்கு அணி மோதுவதாயின், பேருந்துக் கட்டணமுமில்லை. பிள்ளை பொழுது சாயுமுன் திரும்புமோ என்னும் தாயின் கவலையுமில்லை.

இத்தகைய போட்டிகளில் வெற்றிக்கிண்ணம் எவ்வணிக்கு என்பதைப் புள்ளிகளே சொல்லிவிடும். ஆனால் ‘போட்டியின் சிறந்த ஆட்டம்’ என்று ஒரு பரிசு வைத்தால், அதனைச் சொல்லப் புள்ளிகளால் இயலாது. மனிதர் அமர்ந்து தீர்மானிக்க வேண்டும். அவர்கள் எதனைக் கொண்டு தீர்மானிப்பது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வழக்கம் புதியதன்று. 1876-ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் நடந்த போட்டியில், மேசன் என்பவரை வென்ற ஆட்டத்திற்காக ஹென்றி பேர்ட் என்பவருக்கு அழகிய ஆட்டத்திற்கான முதற் பரிசு அளிக்கப்பட்டது. இணையவழியிலும் இம்மரபு தொடர்ந்தது. 2005-இல் அமெரிக்க நகரங்களின் அணிகளுக்கிடையே தொடங்கிய இணையவழிச் சதுரங்க லீக் போட்டியில் வாரந்தோறும் சிறந்த ஆட்டமொன்றை நடுவர்கள் தெரிவு செய்தனர்.

இன்றைய மாணவர் பலர், “இதற்கு நடுவர் எதற்கு? கணினி நூற்றுக்கு இத்தனை என்று துல்லியத்தைக் காட்டுகிறதே, அதிகம் பெற்றவருக்குப் பரிசைக் கொடுத்தால் முடிந்தது” என்பர். கணினி செய்வது என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் வைத்த ஒவ்வொரு நகர்வையும், தான் வைத்திருக்கக்கூடிய சிறந்த நகர்வோடு அது ஒப்பிட்டு, எவ்வளவு குறைந்தோம் என்று கணக்கிடுகின்றது. எனவே இருவர் காய்களையெல்லாம் மாற்றி வெட்டிக்கொண்டு, இடரொன்றும் மேற்கொள்ளாது 20 நகர்வுகளிற் சமநிலைக்கு உடன்பட்டால், இருவருக்கும் மிக உயர்ந்த எண் கிடைத்துவிடும். பிழை செய்ய இடமே இல்லாதவிடத்துப் பிழை செய்யாதிருந்தது பெரும் புகழாகுமா?

1911-இல் ஸ்பெயின் நாட்டின் சான் செபஸ்தியானில் நடந்ததைக் கேளுங்கள். கியூபாவிலிருந்து வந்த 22 வயது இளைஞர் கப்பபிளங்காவுக்கு அப்போட்டியில் இடமளித்தது தகாதென மறுப்புக் கூறினார் பேர்ன்ஸ்ரீன். முதற் சுற்றிலேயே இருவரும் எதிரெதிரே அமர நேர்ந்தது. பேர்ன்ஸ்ரீனின் இராணி மறுபுறத்துக் காலாட்களைக் கவர்ந்துகொண்டிருக்க, இளைஞர் தம் குதிரைகளை அரசன் மீது ஏவி வென்றார். அழகிய ஆட்டத்திற்கான பரிசும் அவருக்கே கிடைத்தது. பின்னர் ஆராய்ந்தோர், பேர்ன்ஸ்ரீன் இதனினும் நன்றாகத் தற்காத்திருக்கலாம் என்று கண்டனர். அதனால் அப்பரிசு பொய்யாகிவிட்டதா? இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில், மனித மூளையால் விடுவித்தற்கரிய சிக்கலொன்றை எதிரியின் முன் வைத்ததற்காகவே பரிசு கொடுக்கப்பட்டது.

அணிப் போட்டியில் வேறொன்றையும் நோக்க வேண்டும். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்டில் தொடர்ந்து 8 ஆட்டங்களில் வென்றவர் 16 வயதுக் குகேஷ். பத்தாஞ் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக மேலான நிலையில் இருந்தும், சமநிலையை நாடாது வெற்றியையே தேடிச் சென்று, இறுதியிற் குதிரையைப் பறிகொடுத்துத் தோற்றார். அச்சந்திப்பு 2-2 என முடிந்தது. உஸ்பெகிஸ்தான் தங்கமும், குகேஷின் அணி வெண்கலமும் பெற்றன. தனியாட்டமாயின் அவர் சமநிலையோடு எழுந்திருக்கலாம். அணிக்காக ஆடுபவன் தன் பலகையை மட்டும் பார்ப்பதில்லை. ஆகவே, அந்நேரத்தில் அணிக்கு அரைப் புள்ளி போதுமாயிருந்ததா, முழுப் புள்ளி வேண்டியிருந்ததா என்றறியாமல் எவ்வாட்டத்தையும் நிறுத்துப் பார்த்தல் ஆகாது.

இணையவழிக்கே உரிய இடர்கள் இரண்டுண்டு. முதலாவது, தொடர்பு அறுதல். 2020 ஆகஸ்ட் 30-ஆந் திகதி இணையவழி ஒலிம்பியாட்டின் இறுதியாட்டத்தில் இந்தியாவும் இரசியாவும் மோதின. உலகளாவிய இணையத் தடங்கலால் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இளையோர் இருவரும் தொடர்பிழந்து நேரத்தால் தோற்றனர். இந்தியா முறையிட, உலகச் சதுரங்கச் சம்மேளனத் தலைவர் இரு அணிகளுக்கும் தங்கம் வழங்கினார். உலக அரங்கிலேயே இவ்வாறாயின் வன்னியைச் சொல்ல வேண்டுமா? 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். தொடர்பறுந்து தோற்ற பிள்ளையின் ஆட்டத்தைப் ‘தோல்வி’ என்று ஒதுக்கிவிடாது, அறுந்த இடம் வரை வாசித்துப் பார்ப்பது நடுவரின் கடமை.

இரண்டாவது, கள்ளத்துணை. 2020-இல் புரோ செஸ் லீக் என்னும் இணையவழி அணிப்போட்டியில் இறுதியாட்டத்தை வென்ற அணியை, ஆட்டக்காரர் ஒருவர் நேர்மை விதியை மீறினார் என்று கூறி ஏற்பாட்டாளர் தகுதி நீக்கினர். பட்டம் தோற்ற அணிக்குப் போயிற்று. மிகத் துல்லியமான ஆட்டத்திற்கே பரிசு என்று அறிவித்தால், பிள்ளைகளை இப்படுகுழியின் விளிம்புக்கு நாமே அழைத்துச் சென்றவர்களாவோம்.

ஆதலின் பாடசாலைகளில் இப்பரிசை வைக்க எண்ணும் ஆசிரியர்களுக்கு ஒரு வழி கூறுவோம். ஆட்டங்களை எழுதிக்கொடுக்கும்போது ஆடியவர் பெயரையும் பாடசாலையின் பெயரையும் மறைத்துவிடுங்கள். நடுவர் மூவர் தனித்தனியே, முதலிற் கணினியின்றிப் பலகையில் ஆடிப் பார்க்கட்டும். பிழை உண்டோ என்று காணப் பின்னர் கணினியை நாடட்டும். தெரிவுக்கு வந்த மாணவரை அழைத்து, “இந்நகர்வை ஏன் வைத்தாய், வேறெதற்கு அஞ்சினாய்?” என்று வினவட்டும். தானே சிந்தித்த பிள்ளை தட்டுத்தடுமாறியேனும் தன் அச்சத்தையும் நம்பிக்கையையும் சொல்லிவிடும். இரவல் நகர்வுக்குச் சொல்லக் கதையிராது. தீர்ப்பின் காரணத்தை இரண்டு வாக்கியங்களில் எழுதி எல்லோர்க்கும் வாசித்துக் காட்டுதலும் வேண்டும்.

இன்னுமொன்று. நல்ல ஆட்டத்தை ஒருவர் தனித்து ஆக்க முடியாது. எதிரே இருந்தவர் இறுதிவரை உறுதியாகத் தற்காத்திராவிடின் அவ்வழகு பிறந்தே இராது. ஆகவே பரிசுபெறும் ஆட்டத்தை அறிவிக்கும்போது தோற்ற மாணவரின் பெயரையும் சேர்த்தே அறிவியுங்கள். அப்பிள்ளை அன்று வீடு திரும்பி, “அம்மா, சிறந்த ஆட்டத்தில் நானும் இருந்தேன்” என்று சொல்லுமாயின், பரிசு வைத்ததன் பயன் முழுமை பெற்றதென்க.