ஆஸ்பத்திரியில் புத்தி தடுமாறினால் உடனே ஜின் என்று சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயசாளிகள் இருக்கிறவர்கள் முழுதாக வாசியுங்கள்.

போன வருஷம் எங்கள் உம்மா வெள்ளவத்தை வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் மஃரிபுக்குப் பிறகுதான் தொடங்கியது. கட்டிலுக்குக் கீழே ஆடு நிற்கிறதாம், இலை போடச் சொன்னார். மௌத்தாகிப் பல வருஷமான மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கையில் ஏற்றியிருந்த சேலைனைப் பிடுங்கி எறிந்தார். காலையில் போனால், "எப்ப மகன் வந்த?" என்று சாதாரணமாகக் கேட்கிறார். பின்னேரம் மறுபடியும் ஆடு.

"இது ஜின்ட வேலதான்" என்றார் சாச்சி. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒருவர் அங்கொடைக்குக் கொண்டு போகச் சொன்னார். நாங்களும் பயந்துபோய் ஓதிப் பார்க்கிறவரைத் தேடிப் போன் அடித்தோம். படித்துக் கொடுக்கிற ஆட்கள் நாங்கள், வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறோம். மூன்றாம் நாள் ஒரு இளம் டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சலம் போகாமல் அடைத்திருக்கிறது, கிருமியும் தொற்றியிருக்கிறது என்றார். அதற்கு மருந்து செய்து நாலைந்து நாளில் ஆடு போய்விட்டது.

இதற்கு டெலிரியம் என்று பெயர். பழைய ஆட்கள் ஜன்னி என்பார்கள். சிங்களத்திலும் சன்னிதான், தெற்கில் 18 சன்னிகளுக்கு முகமூடி கட்டி ஆடும் சடங்கே உண்டு. காரணத்தைக் கண்ணுக்குத் தெரியாததிடம் தேடியது நாங்கள் மட்டுமல்ல. ஆனால் காரணம் பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே இருக்கும்: கிருமி, தண்ணீர் வற்றல், மலச்சிக்கல், வலி, ஒக்சிஜன் குறைவு, மருந்து. தடிமனுக்கு நாம் யோசிக்காமல் கொடுக்கிற பிரிட்டோன்கூட வயசாளியின் மூளையைக் குழப்பலாம். தூக்க மாத்திரையும் அப்படித்தான்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக வருவது. இது மணிக்கணக்கில், ஓரிரு நாளில் வந்துவிடும். ஏறும், இறங்கும். கத்துகிறவர்களை எல்லாரும் கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு கிடக்கிறவரைத்தான் தவறவிடுகிறோம். "நல்லா உறங்குறாங்க" என்று சந்தோஷப்பட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அதுவும் இதே நோயாக இருக்கலாம். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லிப் பாருங்கள்: சனி, வெள்ளி, வியாழன்... நேற்றுவரை சொன்னவர் இன்று பாதியில் தொலைந்துபோனால் உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும். வகுப்பில் கவனம் சிதறிய பிள்ளையை நாங்கள் கண்டுபிடிக்கிற வழியும் கிட்டத்தட்ட இதுதான்.

இதில் எங்கள் ஆட்களுக்கு இன்னொரு கஷ்டம். கொட்டாஞ்சேனையிலிருந்து போகிற ஒரு மூத்தம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. நேர்ஸ் கேட்பது அவருக்கு விளங்காது, அவர் உளறுவது நேர்ஸுக்கு விளங்காது. அவர் வழமையாக எப்படி இருப்பார் என்பது வார்ட்டில் யாருக்கும் தெரியாது, நமக்குத்தான் தெரியும். "வெனதாட மெஹெம நே" என்ற மூன்று சொல் போதும், மற்ற நாட்களில் இப்படி இல்லை என்று. அதை நாங்கள் இரண்டு நாள் பிந்திச் சொன்னோம்.

தடுக்கவும் முடியும். அமெரிக்காவில் ஷெரன் இனோயே என்ற டொக்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் 70 வயதைத் தாண்டிய 852 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. வழமையான கவனிப்பில் நூற்றுக்கு 15 பேருக்கு டெலிரியம் வந்தது, கூடுதல் கவனிப்பில் சுமார் 10 பேருக்கு. அந்தக் கவனிப்பு விலைகூடிய மருந்து அல்ல. மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, எழுப்பி நடக்க வைப்பது, இரவில் உறங்க விடுவது, இன்று என்ன நாள், எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பது. உம்மாவின் கண்ணாடி பத்திரமாக வீட்டு அலுமாரியில் இருந்தது, தொலைந்துவிடும் என்று நாங்களே கழற்றி எடுத்து வந்தோம்.

நோயாளியைப் பார்க்கப் போவது எங்கள் கடமை. அதற்காக ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பன்னிரண்டு பேர் போய்க் கட்டிலைச் சுற்றி நின்று வீட்டுக் கதை பேசுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. பழகிய முகம் ஒன்று, முறை வைத்து, பின்னேரங்களில் பக்கத்தில் இருக்கட்டும். வார்ட் விட்டால் இரவிலும். "உம்மா, அஸர் முடிஞ்சிட்டு, மழை பெய்யிது" என்று சொன்னாலே நேரமும் இடமும் பிடிபடும். ஆடு இல்லை என்று சண்டை பிடிக்காதீர்கள். கையைக் கட்டிப் போட்டால் இன்னும் மோசமாகும். ஓத வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, ஓதுங்கள். ஓதிய தண்ணீரை மட்டும் அரை மயக்கத்தில் இருப்பவரின் வாயில் ஊற்றிவிடாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

உம்மா இப்போது வோக்கரைப் பிடித்து நடக்கிறார். ஆட்டை அவர் மறக்கவில்லை. வெள்ளையும் கறுப்புமான கிடாயாம். நாங்கள் சிரித்தால் அவருக்குக் கோபம் வரும், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறோம்.