கையெழுத்திட்டவர் யார்?

1649ஆம் ஆண்டு, சனவரித் திங்கள். இலண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலே, குற்றவாளிக்குரிய இடத்தில் அமர்ந்திருந்தான் இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்லஸ். குற்றச்சாட்டுப் படிக்கப்பட்டது. மன்னன் மறுமொழி கூற மறுத்தான். எதிர்க்கேள்வி தொடுத்தான் — எந்தச் சட்டப்படி, எவர் தந்த அதிகாரத்தால் என்னை விசாரிக்கத் துணிந்தீர் என்று. அத்திங்கள் 30ஆம் நாள், ஒயிட்ஹால் அரண்மனை முன்பு, அவன் தலை வெட்டி வீழ்த்தப்பட்டது.

நல்ல கேள்விதான், மறுப்பதற்கில்லை! ஆனால் அதனை அவனுடைய குடிகளன்றோ முதலிற் கேட்டிருக்க வேண்டும்? எங்களை ஆளும் அதிகாரத்தை உனக்கு எவர் தந்தார் என்று!

ஆண்டவன் தந்தான் என்பது அந்நாளைய ஆயத்த விடை. அவ்விடைக்கு வக்காலத்து வாங்கினார் சர் ராபர்ட் பில்மர். முதல் மனிதன் ஆதாமுக்கு இறைவன் தந்தையின் அதிகாரத்தைத் தந்தானாம். அது வழிவழியாக வந்து மன்னர்தம் மணிமுடியில் குடியேறிற்றாம்! அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின், 1680இல் அச்சேறியது அந்த ஏடு. அதனைக் கிழித்தெறிய 1689இல் வெளிவந்தது ஜான் லாக்கின் நூல் — ஆசிரியர் பெயரின்றி! ஆதாமின் நேர் வாரிசு இன்று எவன் என்று காட்டும். காட்டவியலாதெனில் எந்த மன்னனுக்கு உரிமை? காட்டவியலுமெனில், அந்த ஒருவனைத் தவிர உலகத்து மன்னர் அனைவரும் திருடர்களல்லரோ? இது லாக் தொடுத்த வினா. பில்மரின் கோட்டை சரிந்தது.

மக்கள் தம் உயிர், உரிமை, உடைமை காக்கத் தமக்குள் உடன்பட்டு அமைத்ததே அரசு. நம்பி ஒப்படைத்ததைக் கெடுத்தவனை நீக்கும் உரிமையும் அவர்க்கே உண்டு என்றார் லாக். இதே ஒப்பந்தத்தைக் கொண்டு, ஆள்வோனை அடக்கவொண்ணா ஆற்றலுடையவனாக்கினார் ஹாப்ஸ், 1651இல். கத்தி ஒன்றுதான், பிடித்த கை வேறு.

ஒப்பந்தமா? ஓலை எங்கே, சாட்சி எவர் என்று நகைப்போர் உளர். நகைக்கட்டும். லாக் ஓரிடத்தில் வழுக்கினார் என்பதும் உண்மையே. நாட்டின் நெடுஞ்சாலையில் நடந்தாலே உடன்பட்டதாகப் பொருள் என்றார்! உறங்குகையில் தூக்கிக் கப்பலிலேற்றப்பட்டவன், குதித்தால் நடுக்கடலில் சாவான். குதிக்காமல் இருப்பதால் மாலுமிக்கு அடிமையாக உடன்பட்டான் என்பீரோ என்று 1748இல் கேட்டார் டேவிட் ஹ்யூம். அக்கேள்வி கூரியது. ஆனால், ஆகவே பழக்கத்தால் பணிந்திருப்பதே போதும் என்று அவர் செல்லும் திசையில் நாம் செல்வதற்கில்லை. ஒப்பந்தம் என்றோ நடந்த நிகழ்ச்சியன்று. இன்று அரசின்மீது வைத்துப் பார்க்கும் அளவுகோல். சட்டத்தால் கட்டுண்டவனுக்கு, அச்சட்டத்தை ஆக்குவோரைத் தேர்ந்திடவும் விலக்கவும் வழியுண்டா? இல்லையெனில் அது ஆட்சியன்று, ஆக்கிரமிப்பு!

இதனைப் பெரும் புலவர்களுக்கு முன்னரே சாதாரணப் போர்வீரர் கண்டுகொண்டனர். 1647, அக்டோபர் இறுதி. மன்னனை வென்ற படை புட்னியில் முகாமிட்டிருந்தது. அங்கே, மாதா கோயிலில் தொடங்கிற்று ஒரு விவாதம். வீரர்தம் பேராளர் கையில் ஒரு தாள். அதன் பெயரே ‘மக்கள் ஒப்பந்தம்’! ஓலை எங்கே என்போர் இதனைப் பார்க்கட்டும்.

அந்நாளில், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாய் தரும் நிலமுடையவனுக்கே மாவட்டத் தேர்தலில் வாக்கு. குரோம்வெல்லின் மருமகன் அயர்ட்டன், அந்த வேலியைக் காக்க எழுந்தார். நாட்டில் நிலையான உடைமை உள்ளவனுக்கே நாட்டின் ஆட்சியில் பங்கு; இல்லாதவனுக்கு வாக்களித்தால், உள்ளவனின் உடைமையைச் சட்டம் போட்டே பறித்துவிடுவான் என்றார். படைத்தலைவர் ரெயின்ஸ்பரோ விடையிறுத்தார்: ஏழைக்கும் வாழ்வு உண்டு, செல்வனுக்கு உள்ளது போலவே, எனவே, தன்னை ஆள்வோரைத் தேர்வதில் குரலற்ற ஏழையை அந்த ஆட்சி கட்டுப்படுத்தாது என்று. செக்ஸ்பி என்ற வீரரோ, நிலமற்ற நாங்கள் உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டது எதற்காக, கூலிப்படையாகவா என்று குமுறினார். குருதி சிந்த ஏழை வேண்டும். வாக்களிக்கச் சீமான் வேண்டும்! என்னே நியாயம்!

மறு ஆண்டே ரெயின்ஸ்பரோ கொல்லப்பட்டார். 1649 மே திங்களில் பர்போர்டில், கிளர்ச்சி செய்த வீரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர் — மன்னன் தலையைக் கொய்த அதே அரசால். சிறைப்பட்ட தலைவர்களை விடுவிக்கக் கோரி விண்ணப்பத்துடன் வந்த பெண்களை, வீட்டு வேலையைப் பாருங்கள் என்று திருப்பியனுப்பியது மக்கள் மன்றம். புட்னி வீரரும் பெண்களுக்கு வாக்குக் கேட்டாரில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

உரிமை பேசிய லாக்கும், கறுப்பின மக்களை அடிமைகளாக விற்ற அரச ஆப்பிரிக்கக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர். அடிமைமீது உடையவனுக்கு முழு அதிகாரம் வழங்கிய 1669ஆம் ஆண்டுக் கரோலினாச் சட்டத்தை உருவாக்குவதில் பங்குகொண்டவர். எவர் கையெழுத்தை விட்டுவிட்டு எழுதினரோ, அவர் முதுகின்மீதே வைத்து எழுதினர் ஒப்பந்தத்தை!

புட்னியில் பேசியவற்றைக் குறித்துவைத்தார் செயலாளர் வில்லியம் கிளார்க். அக்குறிப்புகள் ஆக்ஸ்போர்டுக் கல்லூரி நூலகமொன்றில் கிடந்து, 1891இல்தான் அச்சேறின. அதற்கும் 27 ஆண்டுகள் கழித்து, 1918இல், நிலமிலா ஆடவர் அனைவர்க்கும் இங்கிலாந்தில் வாக்குக் கிட்டிற்று. பெண்களுக்குச் சரிநிகர் வாக்குக் கிட்ட, 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.