பேய்ப் படங்களைச் சாகாமல் காத்தவர்கள்

பேய்ப் படம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. "இந்த வயதிலுமா?" என்று கேலி பேசுபவர்களும் உண்டு. ஆனால் பழைய திகில் படங்கள் இன்றும் பார்க்கக் கிடைப்பதில், வயதான பிறகும் அந்த ஆசையை விடாமல் அடுத்தவருக்குக் காட்டி மகிழ்ந்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெரட்டு' 1922இல் வெளிவந்தது. 'டிராகுலா' நாவலை அனுமதியின்றிப் படமாக்கிவிட்டார்கள் என்று நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடர்ந்தார். எல்லாப் பிரதிகளையும் அழிக்க வேண்டும் என்று 1925இல் தீர்ப்பானது. அதற்குள் சில பிரதிகள் வெளிநாடுகளுக்குப் போய்விட்டதால்தான் படம் பிழைத்தது!

மாறாக, லான் சேனி நடித்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' (1927) படத்தின் கடைசிப் பிரதி எம்.ஜி.எம். நிறுவனத்தின் கிடங்கில் பூட்டிக் கிடந்தது. 1960களில் அங்கு தீப்பிடித்தது. அதோடு படமும் போயிற்று. எஞ்சியவை புகைப்படங்கள் மட்டுமே.

அடுத்தது ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968). வெளியிடும் நேரத்தில் விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றினார். புதிய தலைப்பில் காப்புரிமைக் குறிப்பைச் சேர்க்க மறந்துவிட்டார். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அந்த ஒரு வரி இல்லாததால் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் திரையிட்டார்கள், வீடியோ கேசட் போட்டு விற்றார்கள். இன்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஜாம்பி என்றால் உலகமே புரிந்துகொள்வதற்கு இந்தப் பரவலும் ஒரு காரணம்.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. சிறு முதலீட்டில் அந்தப் படத்தை எடுத்த ரொமேரோவுக்கும் நண்பர்களுக்கும் வந்திருக்க வேண்டிய பணம் யார் யாருக்கோ போனது. ஸ்டோக்கரின் மனைவி கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனவே "ரசிகன்தானே பகிர்கிறான், அதில் என்ன தப்பு?" என்று புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக இணையத்தில் ஏற்றுவதற்கு இந்தக் கதைகள் சாக்காகிவிடக் கூடாது.

பின் எப்படித்தான் பகிர்வது? ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மேன் (1916–2008) வழி காட்டினார். 1958இல் தொடங்கிய 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' பத்திரிகையின் ஆசிரியர் அவர். பழைய திகில் படங்களின் புகைப்படங்களையும், அவற்றில் நடித்தவர்கள், ஒப்பனை செய்தவர்கள் பற்றிய செய்திகளையும் சிறுவர்களுக்குச் சலிக்காமல் தந்தார். முகமூடி, சுவரொட்டி, புத்தகம் என்று வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றை, லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் காட்டினார். அந்தப் பத்திரிகையைப் படித்து வளர்ந்தவர்களில் ஸ்டீபன் கிங்கும் ஒருவர்.

2002இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி, 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' கதையைப் புகைப்படங்களை மட்டுமே கோத்து மீண்டும் சொன்னது. படச்சுருள் எரிந்த பிறகும், யாரோ எடுத்து வைத்திருந்த படங்கள் உதவின.

உரிமை முடிந்த பழைய படத்தைத் தாராளமாகப் பகிரலாம். புதிய படமென்றால் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி நாலு பேரிடம் சொல்லலாம், எழுதலாம். ரசிகனின் கடமை அதுதான். பேய்க்குச் சாவில்லை என்பார்கள். பேய்ப் படத்துக்கு உண்டு, அதைப் பேச ஆளில்லாமல் போனால்!