காலுக்கொரு கட்டளை

2001 திசம்பரில், பாரிசிலிருந்து மயாமிக்குப் பறந்த வானூர்தியில் ஒருவன் காலணிக்குள் வெடிமருந்து ஒளித்துச் சென்றான். அதனைக் காட்டி, 2006 முதல் அமெரிக்க வானூர்தி நிலையங்களில் அனைவரும் காலணி கழற்றுமாறு கட்டளை பிறந்தது. அனைவருமா? 2013 முதல் கட்டணங் கட்டி முன்பதிந்தோர் கழற்றாமலே கடந்தனர். பணங் கட்டியவன் காலில் வெடிமருந்து ஒட்டாது போலும்! அதற்கு முன் 2011-இல் நியூயார்க்கில், வானூர்தியுள் ஏறி அமர்ந்துவிட்ட மேனாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் காலணியையும் மேற்சட்டையையும் வாங்கி ஆய்ந்தனர். பின்னர் வருத்தந் தெரிவித்தனர். இத்துணைக் கடுமை காட்டியோர், 2015-இல் வெளிப்பட்ட மறைவுத் தேர்வுகள் 70-இல், 67 முறை போலி வெடிபொருள்களையும் படைக்கலங்களையும் காணாது விட்டனர். 2025 சூலையில் அக்கட்டளை நீங்கியது. 19 ஆண்டு கழற்றியதாற் பிடிபட்ட வெடிகள் எத்தனை? அவ்வரசு கணக்குக் காட்டல் வேண்டும்.