தானியங்கிக் கருவி என்று ஒன்று கிடையாது

பி.காம் படிக்கிறவனுக்கு ஆர்க்டிக்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. ஒரு சொத்து வாங்கினால் அதை யார் பராமரிக்கிறார்கள், அதன் பலன் யாருக்குப் போகிறது என்று கேட்கத்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? அதே கேள்வியைக் கடற்பனி அளக்கும் கருவிகள் விஷயத்தில் கேட்கப் போகிறேன். அவ்வளவுதான்.

கடற்பனி பற்றிய செய்தி என்றாலே சாட்டிலைட் படம்தான். 1979 முதல் தொடர்ச்சியாக இருக்கும் பதிவு அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிவில் ஒரு கட்டம் என்பது 25 கி.மீ.க்கு 25 கி.மீ. கரையோரத்தில் நிலமும் கடலும் ஒரே கட்டத்துக்குள் கலந்துவிடும். கனடாவின் நுனாவுட் பகுதியில் 25 ஊர்கள் இருக்கின்றன. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. குளிர்காலத்தில் உறைந்த கடல்தான் அவர்களுக்குச் சாலை. வேட்டைக்குப் போவதும் அதன் மேல்தான், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதும் அதன் மேல்தான். நாளைக்கு ஸ்னோமொபைலில் போகிறவருக்கு 25 கி.மீ. கட்டத்தால் என்ன பயன்?

அதனால் கரையோரப் பனியிலேயே கருவிகளை நடுகிறார்கள். இயங்கும் விதம் எளிமையானது. பனியில் துளை போட்டு, வெப்பநிலை உணரிகள் வரிசையாகப் பொருத்திய நீளக் குழாயை இறக்குகிறார்கள். பனியின் மேற்புறம் கடுங்குளிர். கீழே போகப்போக வெப்பநிலை ஏறும். கடல்நீரைத் தொட்டதும் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் நின்றுவிடும். எந்த உணரியில் நிற்கிறதோ அங்கே பனி முடிகிறது என்று அர்த்தம். தடிமன் கிடைத்துவிட்டது. தகவல் சாட்டிலைட் வழியாக ஊருக்கு வந்துவிடும்.

"ஆஹா, ஆளே வேண்டாம்!" என்று கைதட்டுகிறவர்களோடுதான் என் சண்டை.

முதல் விஷயம், இது தானாக இயங்குவதே இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் பனி மனிதனைத் தாங்கும் அளவுக்கு உறைந்த பிறகு ஒருவர் போய்த் துளை போட வேண்டும். வசந்தத்தில் பனி உடைவதற்குள் எடுத்து வர வேண்டும். தாமதித்தால் கருவி கடலோடு போய்விடும். எங்கே நடுவது என்று முடிவு செய்வது யார்? நீரோட்டம் எங்கே பனியை அடியிலிருந்து அரிக்கும், ஊர்க்காரர்கள் எந்தத் தடத்தில் போவார்கள் என்று தெரிந்தவர். அது கருவிக்குத் தெரியாது. இவ்வளவையும் மறைத்துவிட்டு 'தானியங்கி' என்று சொல்வது கூலிக் கணக்கை எழுதாமல் லாபம் காட்டுகிற வேலை.

இரண்டாவது, தடிமன் என்பது பாதுகாப்பு அல்ல. அலாஸ்காவின் உட்கியாக்விக் (2016 வரை பாரோ) ஊரில் இனுப்பியட் மக்கள் வசந்தத்தில் கரைப்பனியின் விளிம்பில் முகாமிட்டுத் திமிங்கில வேட்டையாடுவார்கள். 1997 மே மாதம் அந்தப் பனி கரையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதன் மேல் இருந்தார்கள். ஹெலிகாப்டரில் மீட்டார்கள். கரைப்பனியைப் பிடித்து வைத்திருப்பது தடிமன் மட்டுமல்ல. கடல் தரையில் ஊன்றி நிற்கும் பனி மேடுகள், காற்று, நீரோட்டம் எல்லாம் சேர்ந்துதான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. ஒரு துளையில் எடுத்த எண்ணை வைத்து "போகலாம்" என்று சொல்கிறவன் பொறுப்பில்லாதவன்.

"அப்படியானால் கருவியே வேண்டாமா? தாத்தா சொல்வது போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது. 2009-10 குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக வெப்பமாக இருந்தது. லாப்ரடார் கரையில் நெய்ன் ஊரைச் சுற்றி, தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த தடங்களிலேயே பனி ஏமாற்றியது. பழைய அடையாளங்கள் பொய்க்கிற காலத்தில் கருவி தேவைதான். அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகுதான் ஸ்மார்ட்ஐஸ் பிறந்தது. நுனாட்சியாவுட் இனுயிட் அரசும் மெமோரியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆரம்பித்தது, இன்று சமூகத் தொழில்முனைவாக நடக்கிறது. மேலே சொன்ன குழாயோடு இன்னொரு கருவியும் உண்டு. கமுதிக் என்கிற சறுக்கு வண்டியில் வைத்து ஸ்னோமொபைலில் இழுத்துப் போவார்கள். கடல்நீர் மின்சாரம் கடத்தும், பனி கிட்டத்தட்டக் கடத்தாது. அந்த வித்தியாசத்தை வைத்துப் போகும் வழியெல்லாம் தடிமனைச் சொல்லிவிடும். ஓட்டுகிறவர் உள்ளூர்க்காரர், சம்பளம் வாங்குகிறவர். எந்தத் தடத்தை அளப்பது என்று ஊர்க் குழு முடிவு செய்கிறது. குழாய்க் கருவிகளை நெய்னிலேயே இனுயிட் இளைஞர்கள் பூட்டுகிறார்கள். 2017-ல் ஐ.நா.வின் காலநிலை விருது கிடைத்தது. விருதை விடுங்கள், என் கண்ணில் பட்டது சம்பளப் பட்டியல்தான்.

"உள்ளூர்க்காரர்களைச் சேர்த்தால் அறிவியல் தரம் கெடும்" என்று ஒரு வாதம் வரும். அபத்தம். துளை போட்டவர் டாக்டர் பட்டம் வாங்கினாரா என்று உணரி பார்ப்பதில்லை. மாறாக, கருவியைச் சுற்றி வெண்பனி குவிந்தால் அது கம்பளி மாதிரி மூடிக் கீழே பனி வளர்வதைத் தடுக்கும், அளவே அந்த இடத்துக்குப் பொருந்தாமல் போகும். அதை யார் கண்டுபிடிப்பார்? வாரா வாரம் அந்த வழியே போகிறவர்தான்.

என் கட்சி இதுதான். கரையோரப் பனிக்குக் கருவி வாங்க நிதி கொடுக்கிறவர்கள், அதை நடுகிற, எடுக்கிற, பழுது பார்க்கிற உள்ளூர்க்காரரின் சம்பளத்தையும் அதே பட்ஜெட்டில் எழுத வேண்டும். எண்கள் ஆய்வுக் கட்டுரைக்குப் போகும் முன் அந்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டும் இல்லாத திட்டத்துக்கு நான் நிதி அதிகாரியாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.

திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள். காரணத்தோடு திட்டுங்கள் :)