விற்காத சரக்கும் வாங்காதவர் மீது பழியும்

உப்பளத்துக்காரர்கள் பழமையில் ஊறியவர்கள். உப்புநீரின் அடர்த்தியைக் கைப்பேசிக்கே அனுப்பும் சென்சாரைக் கொடுத்தாலும் தொடமாட்டார்கள். முதலில் அவர்கள் மனநிலை மாறவேண்டும். மேடைதோறும் ஓதப்படும் இந்த மந்திரத்தைவிட வசதியான பொய் கிடையாது. சரக்கு விலைபோகாவிட்டால் வாங்காதவர் மீது பழியைப் போட்டுவிடலாம் அல்லவா?

தூத்துக்குடி அளங்களில் உப்புநீரின் டிகிரி பார்த்துத்தான் தொழிலே நடக்கிறது. கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறக்குறைய 3 டிகிரி. வெயிலில் வற்றி 25ஐத் தொட்டால் உப்பு விளையும். 30ஐ நெருங்குமுன் எஞ்சிய நஞ்சோடைத் தண்ணீரை வெளியேற்றவேண்டும். தவறினால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், ஈரம் கோக்கும். கண்ணாடி மிதவையை வைத்து இதைக் காலங்காலமாக அளந்துவருபவர்களுக்கா அளவீட்டோடு பகை?

புதுக் கருவியோடும் பகை இல்லை. குஜராத்தின் சின்ன ரண் உப்பு நிலத்தைப் பாருங்கள். நிலத்தடி உப்புநீரை இன்ஜின் வைத்து இறைத்த அகரியா என்னும் உப்புத் தொழிலாளர்களின் வருமானத்தில் பெரும்பகுதியை டீசலே விழுங்கியது. மானியத்தில் சூரியசக்தி பம்பு வந்ததும் ஆயிரக்கணக்கில் மாறினார்கள். மிச்சமாகும் பணம் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

சென்சாரில் யாருக்கு மிச்சம்? வாருபலகை பிடித்து உப்பு வாருபவர் தினக்கூலி. டிகிரி துல்லியமானால் உப்பின் தரம் உயரலாம், அவர் கூலி உயராது. குத்தகைக்கு அளம் எடுத்த சிறு உற்பத்தியாளருக்கோ, உப்புக் குவியலான அம்பாரத்தடியில் வியாபாரி சொல்வதுதான் விலை. கருவியின் கதி என்ன? தண்ணீர் 13 டிகிரியைத் தாண்டினாலே ஜிப்சம் பிரியத் தொடங்கும். சென்சார் முனையில் வெள்ளை ஓடாகக் கட்டும். அதன்பின் திரையில் வருவது பொய்க்கணக்கு. சுரண்டிக் கழுவி மறுபடி சரிபார்ப்பது யார் வேலை என்பதை விற்பவர் சொல்வதில்லை.

2023 டிசம்பர் வெள்ளம் தூத்துக்குடியில் அம்பாரங்களைக் கரைத்துக்கொண்டு போனது. உப்பு பயிர் அல்ல என்பதால் பயிர்க் காப்பீட்டில் அதற்கு இடமில்லை. ஒரே மழையில் முதலே போய்விடும் தொழிலில், கடன்பட்டுக் கருவி வாங்கத் தயங்குவது அறியாமை அல்ல, கணக்கு.

கருவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு பருவம் முழுக்க விற்பவர் தன் செலவில் அளத்தில் ஓட்டிக் காட்டட்டும். பழுதுக்குப் பொறுப்பேற்கட்டும். தரம் கூடினால் விலையும் கூலியும் எவ்வளவு கூடும் என்பதை உப்பு வாங்குபவரும் முதலாளியும் எழுதிக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், அன்றைக்குப் பேசலாம் மனநிலையைப் பற்றி.